சங்கிலி முதல் கைப்பேசி வரை

திண்டிவனம் என்னும் ஊர்ப்பெயர் திந்திரிணிவனம் என்பதன் திரிபு என்பர். திந்திரிணி என்றால் புளி. புளியங்காடு நாளடைவில் ஊராயிற்று. புளியமரத்துக்கும் பேய்க்கும் நம் நாட்டுப்புற மக்கள் கற்பித்துள்ள உறவை நாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. உச்சிப்பொழுதில் மரத்தடியைக் கடந்த பெண்ணைக் காற்று அண்டிவிட்டது என்று சொல்லக் கேளாத சிற்றூர் இராது.

இதனை வெறும் அறியாமை என்று ஒதுக்கிவிடுதல் எளிது. ஆயின் இதற்குள் ஒரு நுட்பம் உண்டு. மனம் நோயுற்றது என்று சொல்லக் குடும்பத்தார் நாணினர். பேய் பிடித்தது என்று சொல்ல நாணவில்லை. பேய் வெளியிலிருந்து வந்தது. ஆகவே குலத்துக்குப் பழியில்லை, நாளை தங்கைக்கு வரன் தேடவும் தடையில்லை. மனநோயைப் பற்றிய நம்மவர் வரலாறு முழுவதிலும் இந்த நாணமே உள்ளிழையாக ஓடுகிறது.

இன்று அதே திண்டிவனத்திலும், அதற்குத் தெற்கே ஏறத்தாழ 40 கிலோமீட்டரில் உள்ள விழுப்புரத்திலும், உறக்கம் வராத ஓர் இளைஞன் நள்ளிரவில் கைப்பேசியைத் திறந்தால் மனநல ஆலோசனை விற்கும் செயலிகள் வரிசையாக வந்து நிற்கின்றன. மாதச் சந்தா கட்டினால் ஆலோசகர் பேசுவார்; கட்டாவிட்டாலும் இயந்திரம் ஒன்று பேசும். யாருக்கும் தெரியாமல் நோயைச் சொல்லலாம் என்பதே இவ்வாணிகம் முன்வைக்கும் முதற் கவர்ச்சி. பேய் செய்த வேலையை இப்போது செயலி செய்கிறது எனில் மிகையாகாது. இந்தப் புதிய வாணிகத்தை எடைபோட, நாம் பழைய வரலாற்றைச் சற்றுத் திரும்பிப் பார்த்தல் வேண்டும்.

பேச்சே மருந்து

மனநோயைப் பேச்சால் ஆற்றலாம் என்பது நேற்றுக் கண்ட உண்மையன்று. 934ஆம் ஆண்டில் மறைந்த அபூ ஸைத் அல் பல்கீ என்னும் பேரறிஞர், உடலின் நலத்தையும் உள்ளத்தின் நலத்தையும் ஒரே நூலில் இரு பகுதிகளாக வகுத்து எழுதினார். உடலுக்கு நோய் வருவது போன்றே உள்ளத்துக்கும் வரும் என்றார். காரணம் தெரிந்த துயரம் வேறு, காரணம் தெரியாத துயரம் வேறு எனப் பிரித்தார். உள்ளத்து நோய்க்கு மருந்து இரண்டு இடங்களிலிருந்து வரும் என்பது அவர் கருத்து. ஒன்று வெளியிலிருந்து பிறர் சொல்லும் நல்லுரை. மற்றொன்று, நலமாக இருக்கும்போதே நாம் சேமித்து வைத்துக்கொள்ளும் நல்லெண்ணம். இற்றை நாள் அறிவுசார் நடத்தைச் சிகிச்சையின் வித்து இங்கே இருப்பதாக ஆய்வாளர் பலர் வியக்கின்றனர்.

1284இல் கெய்ரோவில் சுல்தான் கலாவூன் எழுப்பிய மருத்துவமனையில் மனநோயாளருக்குத் தனிப் பகுதி இருந்தது. 1488இல் எதிர்னேயில் இரண்டாம் பாயஸீத் அமைத்த மருத்துவ மனையில் நீரோசையும் இசையும் சிகிச்சையின் பகுதிகளாயின. அங்கெல்லாம் சங்கிலியே இல்லை என்று பெருமை பேசுதல் நேர்மையாகாது, இருந்தது. நாம் கவனிக்க வேண்டியது வேறு. அம்மருத்துவமனைகள் வக்ஃபு சொத்தின் வருவாயால் நடந்தன. நோயாளியின் பணப்பையை நம்பி அவை நடக்கவில்லை. வக்ஃபு பத்திரத்தில் இத்தனை மருத்துவர், இன்ன செலவு என்று எழுதப்பட்டிருந்தது. கணக்குக் கேட்க ஒருவர் இருந்தார்.

சென்னையில் நடந்த பழைய வாணிகம்

நம் பகுதிக்கு வருவோம். 1794இல் வாலன்டைன் கொனோலி என்னும் கும்பெனி மருத்துவர், சென்னைப் புரசைவாக்கம் பகுதியில் மனநோயாளருக்கென ஒரு மனையை ஏற்படுத்தினார். அது அரசாங்கம் கட்டியதன்று. மருத்துவரின் சொந்த முயற்சி. நோயாளருக்காகக் கும்பெனி அவருக்குப் பணம் கொடுத்தது. பின்னர் அம்மனை ஒரு மருத்துவரிடமிருந்து மற்றொரு மருத்துவருக்குச் சொத்தாகக் கைமாறிற்று. டால்டன் என்பார் கைக்கு வந்த பிறகு, டால்டனின் பைத்திய ஆஸ்பத்திரி என்றே ஊர் அதை அழைத்தது. ஆக, மனநலம் இலாபத் தொழிலாவது இந்த நூற்றாண்டின் புதுமையன்று. தமிழகத்தில் மேனாட்டு மனநல மருத்துவம் பிறந்ததே வாணிகத்தின் மடியில்தான்.

1871இல் இன்றைய கீழ்ப்பாக்கம் வளாகம் செயற்படத் தொடங்கியது. 1922இல் அது அரசு மனநல மருத்துவமனை என்று பெயர் பெற்றது. மக்கள் நாவில் மட்டும் 'கீழ்ப்பாக்கம்' என்பது வசைச்சொல்லாகவே நின்றுவிட்டது. 1961 முதல் அதன் கண்காணிப்பாளராக விளங்கிய டாக்டர் சாரதா மேனன் புறநோயாளர் சிகிச்சையை வளர்த்து, உள்ளே வந்தவர் வெளியே செல்லவும் வழி உண்டு என்று காட்டினார். 1984இல் அவர் முன்னின்று தொடங்கிய மனச்சிதைவு ஆராய்ச்சி நிறுவனமாகிய ஸ்கார்ஃப் நம் கதையில் மீண்டும் வரும்.

இதே காலத்தில் வேலூரை அடுத்த பாகாயத்தில் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையம் ஓர் அரிய ஏற்பாட்டைக் கடைப்பிடித்தது. நோயாளி தனியே தங்கக்கூடாது. குடும்பத்தில் ஒருவராவது உடன் தங்குதல் வேண்டும். வடக்கே அமிர்தசரஸில் டாக்டர் வித்யாசாகரும் 1950களில் குடும்பத்தாரைக் கூடாரங்களில் தங்க வைத்து இவ்வாறே செய்தார். நோயாளியுடன் இருந்த உறவினர் நோயைப் புரிந்துகொண்டு ஊர் திரும்பினார். நாணம் உடைவதற்கு இதனினும் சிறந்த மருந்து எது?

ஐந்து திசை, நெடும் பயணம்

விழுப்புரம் சந்திப்பில் சென்னை, திருச்சி, மயிலாடுதுறை, புதுவை, காட்பாடி என ஐந்து திசைக்கும் இருப்புப்பாதை பிரிகிறது. மனநோயாளியுடைய குடும்பத்துக்கும் இத்திசைகளே கதியாயின. வடக்கே கீழ்ப்பாக்கம், கிழக்கே புதுவை ஜிப்மர், காட்பாடி வழியில் வேலூர், திருச்சிப் பக்கம் குணசீலம் கோயில், அதற்கும் தெற்கே ஏர்வாடி தர்கா. எந்தத் திசையில் சென்றாலும் ஒருநாள் கூலி போகும், வழிச்செலவு ஆகும், பேருந்தில் பிறர் பார்வை சுடும். ஆகவேதான் பலரும் எங்கும் போகாமல் வீட்டின் பின்கட்டிலேயே நோயாளியை வைத்துக்கொண்டனர்.

2015-16இல் நடந்த தேசிய மனநலக் கணக்கெடுப்பு, நாட்டின் வயது வந்தோருள் நூற்றுக்கு 10.6 பேர் ஏதேனும் ஒரு மனநலக் குறையுடன் வாழ்கின்றனர் என்று கண்டது. அவருள் பெரும்பாலோர் சிகிச்சையே பெறவில்லை. நோய்க்கு நோய் வேறுபட்டாலும், நூற்றுக்கு 70 பேர் முதல் 92 பேர் வரை மருத்துவத்துக்கு வெளியே நின்றனர். தொலைவும் நாணமும் செலவும் சேர்ந்து எழுப்பிய சுவர் இது. இச்சுவரைத் தகர்க்கும் எந்தக் கருவியையும் நாம் எடுத்த எடுப்பிலேயே பழிப்பதற்கில்லை.

இரண்டு துயர நாட்கள்

ஆயினும் சுவருக்கு வெளியே நிற்பவர்களைத் தேடி முதலில் வந்தவர் யார் என்பதையும் வரலாறு காட்டுகிறது.

2001 ஆகஸ்டு 6ஆம் நாள் விடியுமுன், இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தனியார் நடத்திய ஓலைக் கொட்டகைக் காப்பகம் தீப்பற்றியது. உள்ளிருந்த நோயாளர் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தனர். 28 உயிர்கள் மாண்டன. தர்காவை நாடி வந்தவர்களின் நம்பிக்கையைக் குறை சொல்வதற்கில்லை. அந்த நம்பிக்கையைச் சுற்றி முளைத்த கட்டணக் காப்பகங்களே இங்குக் குற்றவாளிக் கூண்டில் நின்றன. மாதப் பணம் அனுப்பிய குடும்பங்கள் ஊரிலிருந்தன. உரிமம் இல்லை, மருத்துவர் இல்லை, கேட்பாரும் இல்லை. 1987ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் அப்போதே நடைமுறையில் இருந்தது என்பது வேதனைக்குரிய செய்தி. தீ அணைந்த பிறகே அங்கிருந்த காப்பகங்கள் மூடப்பட்டு, 500க்கும் மேற்பட்டோர் அரசின் பொறுப்பில் கொண்டுவரப்பட்டனர். பிற்காலத்தில் 'தவா'வும் துஆவும் ஒருங்கே என்னும் முறையில் தர்கா வளாகத்திலேயே மனநல மருத்துவம் கிடைக்க வழி செய்யப்பட்டது. மருந்தும் பிரார்த்தனையும் பகையல்ல என்பதை அது உணர்த்திற்று.

இரண்டாவது நிகழ்ச்சி விழுப்புரம் மாவட்டத்திலேயே நடந்தது. விக்கிரவாண்டியை அடுத்த குண்டலப்புலியூரில் இயங்கிய ஓர் இல்லத்தில் சேர்க்கப்பட்ட முதியவரைக் காணவில்லை என்று அவரைச் சார்ந்தோர் சென்னை உயர் நீதிமன்றத்தை நாடினர். அதைத் தொடர்ந்து 2023 பிப்ரவரியில் அதிகாரிகள் உள்ளே சென்றனர். மனநோயாளரும் ஆதரவற்றோருமாக 140க்கும் மேற்பட்டோர் மீட்கப்பட்டனர். பலர் முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். உரிய அனுமதியின்றி நடந்தது என்பதோடு கொடிய புகார்களும் எழுந்தன. வழக்கு குற்றப்புலனாய்வுத் துறைக்கு மாற்றப்பட்டது. பதிவு பெறாமல் எந்த மனநல நிலையத்தையும் நடத்தலாகாது என்று 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் விதிக்கிறது. எவ்வகையிலும் சங்கிலியிடுதலை அது முற்றாகத் தடை செய்கிறது. அச்சட்டம் நடைமுறைக்கு வந்து ஏறத்தாழ ஐந்து ஆண்டுகளுக்குப் பின் இது வெளிப்பட்டது.

இவ்விரு நிகழ்ச்சிகளுக்கும் பொதுவான பாடம் ஒன்றே. நோயாளியை மறைக்க விரும்பிய குடும்பத்தின் நாணம், கேள்வி கேட்பாரற்ற இடத்தில் பிறர்க்கு வருவாயாயிற்று.

தொலைவை வென்ற குரல்

இனித் தொலைபேசியின் கதையைக் காண்போம். 1953இல் இலண்டன் பாதிரியார் சாட் வாரா, உயிரை மாய்த்துக்கொள்ள எண்ணுவோர் அழைத்துப் பேச ஒரு தொலைபேசி எண்ணை அறிவித்தார். அவ்வழியைப் பின்பற்றி 1986இல் டாக்டர் லட்சுமி விஜயகுமார் சென்னையில் 'சிநேகா'வைத் தொடங்கினார். முகம் தெரியாத ஒருவரிடம், பெயர் சொல்லாமல், நெஞ்சத்துச் சுமையை இறக்கிவைக்கலாம் என்பது தமிழகத்துக்குப் புதிய அனுபவம். அதில் பேரம் இல்லை, கட்டணம் இல்லை.

2010இல் ஸ்கார்ஃப் நிறுவனம் புதுக்கோட்டை மாவட்டத்தில் ஒரு பேருந்தை ஓட விட்டது. அதற்குள் ஆலோசனை அறையும் மருந்தகமும் இருந்தன. சிற்றூர் நோயாளி பேருந்தில் ஏறி அமர்ந்தால் சென்னையிலுள்ள மருத்துவர் திரையில் தோன்றிப் பேசுவார். மருந்து அங்கேயே கிடைக்கும். உள்ளூர்ப் பணியாளர் வீடுவரை சென்று நலம் கேட்பார். படத்தில் வந்த மருத்துவரால் மட்டும் இத்திட்டம் வெற்றி பெறவில்லை. தெருவில் நடந்த அந்தப் பணியாளரின் கால்களும் அதற்குக் காரணம். கோவாவில் டாக்டர் விக்ரம் பட்டேலும் குழுவினரும் நடத்திய ஆய்வுகளும், முறையாகப் பயிற்சி பெற்ற சாதாரண மனிதரே மனச்சோர்வைப் பேச்சால் குறைக்க வல்லவர் என்று மெய்ப்பித்துள்ளன.

2020இல் கொரோனாத் தொற்று ஊரை அடைத்தது. அவ்வாண்டு மார்ச்சு 25ஆம் நாள் வெளியான தொலைமருத்துவ நெறிமுறைகள், பதிவு பெற்ற மருத்துவர் தொலைவிலிருந்தே ஆலோசனை வழங்கலாம் என்று தெளிவாக்கின. உலகளவில் பெருந்தொற்றின் முதலாண்டில் மட்டும் பதற்றமும் மனச்சோர்வும் நூற்றுக்கு 25 பங்கு உயர்ந்தன என்று உலக நல நிறுவனம் அறிவித்தது. தேவை பெருகியது, முதலீடு பாய்ந்தது, செயலிகள் மலிந்தன. அரசும் வாளாவிருக்கவில்லை. 2022 அக்டோபர் 10இல் நடுவணரசின் டெலி மானஸ் தொடங்கிற்று. அதே மாதம் தமிழ்நாட்டரசு 'நட்புடன் உங்களோடு மனநல சேவை' என்பதைத் தொடங்கியது. எண் 14416. எந்நேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம். 2025க்குள் நாடு முழுவதிலுமிருந்து டெலி மானஸுக்கு வந்த அழைப்புகள் 20 இலட்சத்தைக் கடந்தன.

இந்த மாறுதலால் விளைந்த நன்மையை மறைப்பது நன்றன்று. மகப்பேற்றுக்குப் பின் மனம் சோர்ந்த ஒரு தாய், தேர்வில் தோற்ற மாணவன், வெளிநாட்டில் உழைக்கும் கணவனை எண்ணி உறக்கமற்ற மனைவி ஆகியோருக்குப் பேருந்தேறாமல் கிடைக்கும் ஆறுதல் பெரிது. மிதமான மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் இணையவழிப் பேச்சுச் சிகிச்சை பயன் தருகிறது என்று ஆய்வுகள் கூறுகின்றன. ஆயின் அவ்வாய்வுகளே மற்றொன்றும் கூறுகின்றன: மனிதர் ஒருவர் இடையிடையே வழிநடத்தினால் பயன் மிகுதி. மனச்சிதைவு போன்ற கடும் நோய்க்கோ மருத்துவரும் மருந்தும் தொடர் கவனிப்பும் இன்றியமையாதவை.

அமானிதம் என்னும் அளவுகோல்

இயந்திரத்தின் பேச்சும் புதிதன்று. 1966இல் அமெரிக்கப் பேராசிரியர் ஜோசப் வைசன்பாம், மனநல மருத்துவர் போல் வினாத் தொடுக்கும் 'எலிசா' என்னும் நிரலை அமைத்தார். நாம் சொன்னதையே திருப்பிக் கேட்கும் எளிய கருவி அது. ஆயினும் அவருடைய செயலாளரே அதனுடன் பேசத் தொடங்கி, சற்று அறையை விட்டு வெளியே செல்லுமாறு அவரைக் கேட்டுக்கொண்டாராம். வைசன்பாம் மகிழவில்லை, அஞ்சினார். கேட்கும் செவிக்கு மனிதன் எவ்வளவு ஏங்குகிறான் என்பதை அவர் கண்டுகொண்டார். அந்த ஏக்கமே இன்று சந்தைப்பொருள்.

இரகசியம் ஓர் அமானிதம். ஒப்படைத்தவருக்கே அது உரியது. இதற்குச் சந்தை தந்த விடை என்ன? பின்லாந்தில் வாஸ்தாமோ என்னும் உளச்சிகிச்சை நிறுவனத்தின் பதிவேடுகளை ஒரு திருடன் கவர்ந்தான். 2020இல் நோயாளர் ஒவ்வொருவருக்கும் எழுதி, பணம் தராவிடில் உன் இரகசியத்தை வெளியிடுவேன் என்று மிரட்டினான். பாதிக்கப்பட்டோர் 30,000க்கும் மேல். அமெரிக்காவின் பெட்டர்ஹெல்ப் நிறுவனம் பயனாளரின் நலச் செய்திகளை விளம்பர நிறுவனங்களுக்குக் கொடுத்ததாக அந்நாட்டு வாணிக ஆணையம் குற்றஞ்சாட்டிற்று. குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலே 2023இல் 78 இலட்சம் டாலர் செலுத்த அந்நிறுவனம் உடன்பட்டது. பலரும் பேசிப் பழகிய 'வோபாட்' என்னும் உரையாடல் செயலி 2025 சூன் 30இல் மூடப்பட்டது. மருத்துவர் ஊரைவிட்டுச் சென்றால் வேறொருவரிடம் ஒப்படைத்துச் செல்வார். செயலி மூடினால் திரை இருண்டுவிடும்.

மொழியும் ஒரு தடை. நம் பெண்கள் மனச்சோர்வு என்று சொல்வதில்லை. 'நெஞ்சை அடைக்கிறது' என்பர். 'வயிற்றைப் பிசைகிறது' என்பர். 'ஒரு மாதிரி இருக்கிறது' என்பர். விழுப்புரத்துச் செவிலி இதன் உட்பொருளை உடனே உணர்வார். அயல்மொழியில் வார்த்தெடுத்த செயலி வயிற்றுவலிக்கு வழி சொல்லக்கூடும்.

திண்டிவனத்துக்கு இன்னொரு பெருமையுண்டு. அங்குள்ள எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையத்தில் உருவான நிலக்கடலை வகைகள் டி.எம்.வி. என்னும் ஊர் முத்திரையுடன் நாடெங்கும் சென்றன. ஒரு வகை விதை உழவனுக்கு வருமுன் பல பருவம் பயிரிட்டுச் சோதிக்கப்படுகிறது. சான்று இல்லாத விதையை விவரமறிந்த உழவன் வாங்கமாட்டான். கடலைக்கு உள்ள இந்தக் காப்பு மனத்துக்கு வேண்டாவா?

நாம் செயலியைத் தொடாதீர் என்று சொல்லவில்லை. ஏர்வாடியிலும் குண்டலப்புலியூரிலும் கேட்கப்படாமல் போன கேள்விகளை இங்கேனும் கேட்போம் என்கிறோம். பேசுபவர் மனிதரா, இயந்திரமா? மனிதரெனில் எந்தப் பதிவேட்டில் அவர் பெயர் உள்ளது? 2020ஆம் ஆண்டு நெறிமுறைகள், மருத்துவர் தம் பதிவெண்ணை நோயாளிக்குத் தெரிவிக்க வேண்டும் என்கின்றன. செயற்கை அறிவுக் கருவி தானே நோயாளிக்கு ஆலோசனை கூறவோ மருந்து எழுதவோ கூடாது என்றும் அவை தடை செய்கின்றன. நாம் சொன்னது எங்கே சேமிக்கப்படுகிறது, யாருக்குக் கொடுக்கப்படுகிறது? உயிருக்கு ஆபத்தான இரவில் அந்நிறுவனம் யாரை அனுப்பும்? இவற்றுக்கு விடை தராத செயலி, உரிமம் இல்லாத காப்பகத்தினும் மேலானதன்று.

அரசுக்கும் ஒரு சொல். 14416இல் பேசிய பெண்ணுக்கு அடுத்த வாரம் திண்டிவனம் அரசு மருத்துவமனையிலோ முண்டியம்பாக்கத்திலோ மருத்துவரும் மாத்திரையும் கிடைத்தால்தான் அந்த அழைப்பு நிறைவுபெறும். குரல் வழிகாட்டலாம், கைபிடித்து நடத்த ஊரில் ஒருவர் வேண்டும்.

ஜமாஅத்தாருக்கும், கோயில், தேவாலயப் பெரியோருக்கும், எல்லாக் குடும்பங்களுக்கும் உரியது நாணத்தைக் களையும் பணி. பாகாயத்தில் நோயாளியின் அருகே பாய் விரித்துப் படுத்த அந்த உறவினரைப் போல, கைப்பேசியில் பேசி முடித்தவன் அருகே வந்து அமர்ந்து, 'இன்று எப்படி இருக்கிறது?' என்று வீட்டார் ஒருவர் கேட்பாராயின் மருந்தில் பாதி அங்கேயே கிடைத்துவிடும். மறைப்பதற்கு ஒன்றுமில்லாத வீட்டில், இருளை விற்பவனுக்குக் கடைவிரிக்க இடமில்லை.